மான்சிகெர்ட் தோல்வியும் அதன் பின்னான பத்தாண்டுகளும்

வணக்கம். 1071-இல் மான்சிகெர்ட் போரில் பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப் பேரரசின்) படை முற்றாக அழிந்ததால்தான் அனத்தோலியா (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) துருக்கியர் வசமானது என்று எழுதிய கட்டுரையை ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும், பிழை எங்கே என்று புரியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள்.

‘முற்றாக அழிந்தது’ என்பதே பிழை. படையின் ஒரு பெரும்பகுதி முன்னரே அருகிலிருந்த கிலாத் நகரை நோக்கி அனுப்பப்பட்டிருந்ததால் போரில் கலந்துகொள்ளவே இல்லை. அந்திரோனிகோஸ் தூக்காஸ் தலைமையிலிருந்த பின்னணிப் படையோ, பேரரசர் நான்காம் ரோமானோஸ் சூழப்பட்ட வேளையில் உதவாமல் பின்வாங்கியது. சிறைப்பட்ட பேரரசரைத் துருக்கியச் சுல்தான் ஆல்ப் அர்ஸ்லான் மீட்புத்தொகைக்கும் ஆண்டுத் திறைக்கும் உடன்படச் செய்து, சில நாட்களிலேயே விடுவித்துவிட்டார்.

உண்மையான பேரழிவு அதன் பின்னரே தொடங்கியது. அரியணையில் உரிமை கொண்டாடிய, அந்திரோனிகோஸின் தூக்காஸ் குடும்பத்தினர் ரோமானோஸை எதிர்த்துப் போரிட்டு, 1072-இல் அவருடைய கண்களைப் பறித்தனர். அந்தக் காயத்தாலேயே அவர் இறந்தார். அடுத்து நார்மன் கூலிப்படைத் தலைவர் ரூசெல் கிளர்ந்தெழுந்தபோது, அவரை அடக்கத் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளில் இருந்த அரசே துருக்கியரின் துணையை நாடியது. இதைவிடக் கொடுமையானது, அரியணைக்குப் போட்டியிட்ட நிக்கிபோரோஸ் மெலிசெனோஸ் தம் பக்கம் சேர்ந்த நகரங்களில் துருக்கியக் காவற்படைகளை நிறுத்தியதுதான். 1081-இல் அவர், அவ்வாண்டு பேரரசரான அலெக்சியோஸ் கொம்னேனோஸுடன் சமரசமான பின்னரும் அப்படைகள் வெளியேறவில்லை. தலைநகருக்கு அருகிலிருந்த நீக்கேயா நகரம் அவ்வாறு பறிபோய், முதலாம் சிலுவைப் போரின்போது, 1097-இல்தான் மீண்டது.

ஆகவே போர்க்கள விவரிப்பைச் சுருக்கி, 1071 முதல் 1081 வரையிலான உள்நாட்டுப் போர்களைக் கட்டுரையின் மையமாக்குங்கள்.