மணிந்தர் சிங் அவுட்டான இரண்டு சாயங்காலம்

அன்புள்ள சார்,

வணக்கம். 2020 செப்டம்பர் 24ஆம் தேதி ஆஸ்திரேலியக் கிரிக்கெட்காரர் டீன் ஜோன்ஸும் மறுநாளே எஸ்.பி.பி.யும் இறந்துபோனதைப் பற்றி நீங்கள் எழுதிய பழைய கட்டுரையைப் போன வாரம்தான் படித்தேன். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். எங்களுக்கு முதலில் கால்பந்து, அப்புறம்தான் கிரிக்கெட். அப்பா பெத்தாங் ஆடுவார், பிரெஞ்சுக்காரர்களின் குண்டு விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்தரையில் இரும்புக் குண்டு குண்டோடு மோதும், பக்கத்து வீட்டு ரேடியோவில் சுசீலா பாடுவார். இன்றைக்கும் சுசீலா குரல் கேட்டால் நடுவில் அந்த ‘ணங்’ வரவில்லையே என்று இருக்கும்.

ஒரு சந்தேகம் சார். 1986இல் சேப்பாக்கம் டெஸ்ட் ‘டை’ ஆன அன்று கடலூர் திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோடு ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் நின்று வர்ணனை கேட்டதாகவும், மணிந்தர் சிங் அவுட்டானதும் எதிரில் இருந்த கேசட் கடையில் ‘நாயகன்’ பாட்டு ஆரம்பித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ‘நாயகன்’ வந்தது 1987 தீபாவளிக்கு. ஒரு வருஷம் முன்னாடியே பாட்டு எப்படி வந்தது?

குற்றம் பிடிக்க எழுதவில்லை. கட்டுரையை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள்தான் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “உங்க ஆளுங்களுக்கு எல்லாமே இப்படித்தான்பா. அந்தக் காலத்துல எல்லாம் பெருசு, ஆனா பாதி நடக்கவே இல்ல” என்கிறாள். நாம் கொண்டாடியவர்கள் நிஜமாகவே பெரிய ஆட்களா, இல்லை நமக்கு அப்போது பதினெட்டு வயது என்பதுதான் விஷயமா? அவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். கூடவே அந்தப் பழைய வழக்கு: எம்.எஸ்.வி.யா, இளையராஜாவா? தீர்ப்பையும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
க., முத்தியால்பேட்டை

*

அன்புள்ள க.,

மாட்டிக்கொண்டேன் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், ரயிலில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டு வாய் மரத்துப்போகக் காத்திருந்தபோது டாக்டரிடம் பாதி வாயால் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் தேதி கேட்டதில்லை. உங்கள் கடிதம் வந்த ராத்திரி பழைய ஸ்கோர்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணிக்குள் பிடிபட்டுவிட்டது. நான் இரண்டு ஆட்டங்களை ஒட்டுப்போட்டு ஒன்றாக்கி வைத்திருக்கிறேன்.

முதலாவது 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. டெஸ்டின் கடைசி நாள். ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 574 எடுத்து டிக்ளேர் செய்திருந்தது. அதில் டீன் ஜோன்ஸ் 210. செப்டம்பர் மாதத்துச் சேப்பாக்கம் வெயிலில் ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்து, எடுத்து ஆடி, முடிந்ததும் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்ட இன்னிங்ஸ் அது. கபில்தேவ் 119 அடித்து ஃபாலோ ஆனிலிருந்து காப்பாற்றினார். கடைசி நாள் ஜெயிக்க 348. கவாஸ்கர் 90. கடைசி ஓவரில் ஸ்கோர் சமமாகிவிட்டது, கையில் ஒரே விக்கெட். எதிர்முனையில் சாஸ்திரி 48இல் நிற்கிறார். கிரெக் மாத்யூஸ் போட்ட ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. இரண்டு அணிக்கும் ஒரே ஸ்கோர், ஆட்டம் ‘டை’.

இரண்டாவது 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பை. அதே சேப்பாக்கம், அதே ஆஸ்திரேலியா. இலக்கு 271. ஸ்ரீகாந்த் 70, அன்றைக்குத்தான் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடிய சித்து 73. கடைசி ஓவர் ஸ்டீவ் வா கையில். இரண்டு பந்தில் இரண்டு ரன் வேண்டும். ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் போல்டு. ஒரே ரன்னில் தோல்வி.

அந்த ஒரு ரன்னுக்கும் ஒரு பின்கதை உண்டு. ஆஸ்திரேலியா ஆடியபோது ஜோன்ஸ் தூக்கி அடித்த ஒரு பந்துக்கு முதலில் நான்குதான் கொடுத்தார்கள். இடைவேளையில் பேச்சு நடந்து, கபில் சரி என்று சொல்ல, அது ஆறாயிற்று. 268 என்றிருந்த ஸ்கோர் 270 ஆனது. கபில் செய்ததுதான் நியாயம். ஆனால் டீக்கடையில் நிற்பவனிடம் அன்றைக்குப் போய் நியாயம் பேசியிருக்க முடியாது.

ஒரே மைதானம், ஒரே எதிரி, கடைசி ஓவரின் ஒரே ஐந்தாவது பந்து, கடைசி ஆளாக ஒரே மணிந்தர் சிங். இதில் எந்தச் சாயங்காலம் எது என்று என் மூளை குழம்பினால் அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. படம் தீபாவளிக்குத்தான் வந்தது, ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் கழித்து. ஆனால் கேசட் படத்துக்கு முன்னாலேயே கடைக்கு வந்துவிடுகிற காலம் அது, உங்களுக்கே தெரியும். ஆகவே பாட்டு அந்த ஒரு ரன் தோல்விக்குச் சொந்தம். நான் அதைத் தூக்கி ‘டை’க்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த கேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது அங்கே சுரங்கப்பாதை வந்துவிட்டது. அப்போது மீட்டர் கேஜ். கேட் போட்டால் இரண்டு பக்கமும் சைக்கிள், டவுன் பஸ், நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் எல்லாம் நிற்கும். பையன்கள் டிராக்டரிலிருந்து கரும்பு உருவுவார்கள். டீக்கடை ரேடியோவுக்குக் கட்டை பேட்டரி. சார்ஜ் இறங்கிவிட்டால் கடைக்காரர் அதை எடுத்து வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவார், இன்னொரு இரண்டு மணி நேரம் பேசும். சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் தமிழ் வர்ணனை உண்டு. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் எல்லாம் வானொலி நாடகத்தில் பழுத்த குரல்கள். பந்து வீச ஓடிவருவதைச் சொல்லும்போதே நமக்கு மூச்சு வாங்கும்.

சரியாக அந்த நேரம் பார்த்து ரயில் வரும். மூன்று பந்து, நான்கு பந்து ரயில் சத்தத்தில் போய்விடும். கடைசிப் பெட்டி தாண்டியதும் கேட்டால் ஸ்கோர் ஏறியிருக்கும், இல்லாவிட்டால் புது ஆள் வந்து ஆடிக்கொண்டிருப்பான். நடுவில் என்ன நடந்தது என்பதை நாங்களே ஆடி முடித்துக்கொள்வோம். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இல்லாத மட்டையால் ஒருத்தன் கவர் டிரைவ் அடிப்பான். இன்னொருத்தன் இல்லை அது லெக் பக்கம்தான் போயிருக்கும் என்று திருத்துவான். யாரும் எதையும் பார்த்ததில்லை. மறுநாள் கல்லூரியில் அந்த நான்கு பந்தைத்தான் அதிகம் பேசுவோம்.

பாட்டிலும் இதே கதைதான். லாரன்ஸ் ரோட்டில் ஒரு ரெக்கார்டிங் கடைக்காரர் இருந்தார். காலி கேசட்டோடு பாட்டு லிஸ்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மூன்று நாளில் பதிந்து தருவார். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, கொஞ்சம் இழுத்தால் ஏழு. கடைசியில் மூன்று நிமிஷம் மிச்சம் விழுந்தால் அதை வெறுமனே விட அவருக்கு மனசு வராது. தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டை ஆரம்பித்துவிடுவார், டேப் தீர்ந்த இடத்தில் அது அறும். என் கேசட் ஒன்றில் பி பக்கத்துக் கடைசியில் அப்படி ஒரு எஸ்.பி.பி. – ஜானகி டூயட். நான் லிஸ்டில் எழுதவே இல்லை. இரண்டாம் சரணத்தில் ஜானகி ஒரு வரி பாடி மூச்சு எடுப்பார், அங்கே ‘டக்’.

நான்கைந்து வருஷம் அந்தப் பாட்டை அப்படித்தான் கேட்டேன். கேசட் பெட்டி பூராவும் 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயலில் போயிற்று. ஓடு பறந்து, பரணில் மழை இறங்கி, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் டேப்பெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. இப்போது அதே பாட்டு போனில் முழுசாக இருக்கிறது. ஜானகி மூச்சு எடுக்கிற இடம் வந்தால் என் கை தானாகக் கேசட்டைத் திருப்பிப் போட எழுந்திருக்கிறது. அதற்கு மேல் வருகிற பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரோ பக்கத்து வீட்டுக்காரர்கள் நம் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பது போல எனக்கு ஒட்டவில்லை.

இதையெல்லாம் உங்கள் மகள் கேட்டால், “பாத்தியா, நான் சொன்னது சரிதான்” என்பாள். ரயில் சத்தத்தில் நாங்கள் ஆடிய நான்கு பந்து எங்களுடையது. அதில் அவள் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும், கூடச் சேர்ந்து நானும் சிரிக்கிறேன். அந்த நான்கு பந்துக்கு முன்னும் பின்னும் ஆடியது மைதானத்தில் இருந்த நிஜ ஆட்கள். அதை வயசுக் கோளாறு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் சித்தப்பா 1975 பொங்கலுக்குச் சேப்பாக்கம் போய் விஸ்வநாத் ஆடியதைப் பார்த்தவர். வீட்டுக் கூடத்தில் குடையை வைத்துக்கொண்டு அந்த ஸ்கொயர் கட்டை ஆடிக்காட்டுவார். வருஷத்துக்கு வருஷம் பந்தின் வேகம் கூடிக்கொண்டே போகும். ஒரு தீபாவளிக்கு எல்லைப் பலகையே பிளந்துவிட்டதாகச் சொன்னார், சித்தி உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது. ஆனால் சித்தப்பா எவ்வளவு அளந்தாலும் ஒன்றை அவரால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸ். இந்தியா மொத்தமே 190. அதில் விஸ்வநாத் 97 நாட் அவுட். சதம்கூட இல்லை. அந்த டெஸ்டை இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. நான் அதைப் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. எனக்கு அதில் ஏக்கம் எங்கிருந்து வரும்? ஆனாலும் அந்த ஸ்கோரைப் படித்தால் இன்றும் நிமிர்ந்து உட்காருகிறேன்.

பாட்டுக்கு ஸ்கோர் கார்டு கிடையாதுதான். ஆனால் மகளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றை எடுத்து, பல்லவியையும் சரணத்தையும் விட்டுவிட்டு இரண்டு இடையிசையை மட்டும் கேட்கட்டும். முதல் சரணத்துக்கு முன்னால் வருவதும் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வருவதும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். அதே ஒன்றைத் திரும்ப வாசித்துவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. கெடிலம் ஆற்றுப் பாலத்தில் சைக்கிளில் டபுள்ஸ் போகும்போது முன்னால் இருப்பவன் வாயால் வயலின் பகுதியைப் போட, மிதிக்கிறவன் புல்லாங்குழலைப் போடுவான். வார்த்தை மறந்தாலும் அது மறக்காது. இன்னொன்றையும் அவளிடம் நீங்களே கேட்கலாம்: அவள் பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டு ஒன்றுகூட அவள் ஹெட்போனில் ஓடுவதில்லையா?

நாம் கொண்டாடியதில் குப்பையும் நிறைய இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். நான் உருகி உருகிக் கேட்ட சில பாட்டுகளை இப்போது கேட்டால் வெட்கமாக இருக்கிறது.

இனி உங்கள் வழக்கு. 1986இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ வந்தது. மெட்டு எம்.எஸ்.வி., வாத்தியக் கோர்வை இளையராஜா. இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் போட்டார்கள். அந்த வருஷத்தின் இன்னொரு ‘டை’ என்று தீர்ப்பு எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சாயங்காலம் கேசட் கடையில் ஓடியது இந்தப் படத்துப் பாட்டாக இருந்திருந்தால் எவ்வளவு பொருத்தம் என்று எனக்கும் கை துறுதுறுக்கிறது. வேண்டாம், ஒரு தடவை பட்டது போதும்.

இந்தப் பதிலை எழுதுவதற்கு முன், அந்த டீக்கடையில் என்னோடு நின்ற நண்பரிடம் போனில் பேசினேன். பெயர் போடாதே என்கிறார். ‘டை’ ஆன அன்றைக்கு என்ன பாட்டுடா ஓடியது என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“டை ஆன அன்னிக்கு நீ எங்கடா இருந்த? ரேஷன் கடையில மண்ணெண்ணெய்க்கு நின்னுட்டு இருந்த. எல்லாம் முடிஞ்சப்புறம் கேனோட சைக்கிள்ல வந்து எறங்கி ‘ஜெயிச்சிட்டமா?’ன்ன. ‘டை’ன்னேன். ‘டைன்னா என்னடா?’ன்ன. எனக்கு மட்டும் என்னத்த தெரியும்? டீக்கடைக்காரர்தான் ‘ரெண்டு பேருக்கும் இல்ல தம்பி’ன்னார்.”

அதற்கு முன் டெஸ்ட் வரலாற்றிலேயே ஒரே ஒரு ‘டை’தான், 1960இல் பிரிஸ்பேனில். எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாமல் இருந்ததில் ஆச்சரியமில்லை. மண்ணெண்ணெய்க் கேன் என்று அவர் சொன்னதும் ஹேண்டில் பாரில் அது இடித்துக்கொண்டே வந்த சத்தம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆகவே முப்பத்தைந்து வருஷமாக நான் சொல்லிவந்த அந்தக் கடைசி ஓவர் அவர் எனக்குச் சொன்னது. நான் கேட்டது மற்றது, ஒரு ரன் ஆட்டம். கட்டுரையில் திருத்தம் போட்டுவிடுகிறேன்.

போனை வைக்கும் முன் நண்பர் இன்னொன்றும் சொன்னார். 1987இல் எதிரில் இருந்தது கேசட் கடையே இல்லையாம், சைக்கிள் கடையாம். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டு ஓடியது.

அன்புடன்.