மூன்றாம் நாள் கப்பலாகிப்போன அட்டவணை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்றரை. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கணவர் காலையில் போனால் இருட்டின பிறகுதான் திரும்புவார்.

கோடை விடுமுறை தொடங்குவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து, வண்ணப் பேனா வைத்து ஓர் அட்டவணை போட்டேன். எட்டு மணிக்கு வாசிப்பு, ஒன்பதுக்குக் கணக்கு, பத்துக்கு ஓவியம், பதினொன்றுக்குக் கைவேலை, இப்படியே சாயங்காலம் வரை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மூன்றாம் நாள் சின்னவன் அதைப் பிய்த்துக்கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்துக் கப்பல் செய்து தரச் சொல்லியிருக்கிறான். அவளும் செய்து கொடுத்துவிட்டாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நான் அழுதுவிட்டேன்.

அதிலிருந்து நாள் முழுக்க ‘போரடிக்குதும்மா’தான். இல்லாவிட்டால் சண்டை. மீட்டிங் என்றால் கைபேசியைக் கொடுத்து உட்கார வைக்கிறேன். அதுவும் போதாமல் கத்திவிடுகிறேன். ராத்திரி தூங்குகிற முகங்களைப் பார்த்துக் குற்றவுணர்ச்சியில் குமைகிறேன். தெரிந்தவர்கள் பிள்ளைகள் நீச்சல், சதுரங்கம் என்று போகிற படங்கள் தினமும் கண்ணில் படுகின்றன. பள்ளி திறப்பதற்குள் என் மகள் படித்ததையெல்லாம் மறந்துவிடுவாளோ என்று வேறு பயம்.

வெளியே போவதும் பெரும்பாடு. போன வாரம் கடைக்குப் போனபோது சின்னவன் காரிலேயே தூங்கிப்போனான். எழுப்பினால் அன்றைய பொழுதே போச்சு. கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு, பெரியவளைக் காவலுக்கு வைத்துவிட்டு, ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பத்து நிமிடம்தான் அந்த வாரத்திலேயே எனக்குக் கிடைத்த நிம்மதி.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற அம்மாக்கள் எப்படித்தான் செய்கிறார்கள்?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கப்பலில் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை படித்தபோதுதான் கார் விஷயம் கண்ணில் உறைத்தது. அட்டவணைக்கு அழுதிருக்கிறீர்கள், கணக்கு மறந்துபோவதற்குப் பயந்திருக்கிறீர்கள், காரை மட்டும் நிம்மதிக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் பேசிவிடுகிறேன். மற்றதெல்லாம் பொறுக்கும்.

பூட்டிய கார் வெயிலில் எப்படிச் சூடாகிறது என்று 2005-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கொளுத்தும் வெயிலில் அல்ல, வெளியே 22 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மிதமாக இருக்கிற நாட்களிலும் அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே வெப்பம் சராசரியாக இன்னொரு 22 டிகிரி ஏறியது. அதிலும் பெரும்பங்கு, சுமார் 80 சதவீதம், முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பார்த்தும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. அதாவது உங்கள் இரண்டு விரற்கடை, உங்கள் மனசுக்குத்தான் காற்று விட்டது. சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களுடையதைவிட மூன்றிலிருந்து ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். நம் அளவுக்கு வியர்த்துத் தணித்துக்கொள்ளவும் அதற்கு வராது. கூட இருந்த ஏழு வயசுக்காரியும் அதே கொதிப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு என்னமோ ஆகிறது என்று அவள் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்கே தலை சுற்றியிருக்கும்.

எழுப்புங்கள். அழட்டும். தோளில் போட்டுக்கொண்டு போங்கள், அன்றைய பொழுது போனால் போகட்டும். நல்லபடியாகத் திரும்பிவிட்டீர்கள், இனி அதை நினைத்து ராத்திரி உட்கார்ந்து உருக வேண்டாம், மறுபடி செய்யாமல் இருந்தால் போதும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், கொஞ்சம்தான். என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரு கோடை மதியம், குளியலறைத் தரையில் அவனை உட்கார வைத்து, முன்னால் அரை வாளித் தண்ணீரும் ஒரு குவளையும் கொடுத்திருந்தேன். மொண்டு மொண்டு தரையில் ஊற்றிக்கொண்டிருந்தான். தொலைபேசி அடித்தது. கதவு திறந்தே இருக்கிறது, குவளைச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, நாலு எட்டு தூரம், பேசிவிட்டு வருவோம் என்று போனேன். பேச்சு நடுவில் என்னமோ குறைகிற மாதிரி இருந்தது. குவளைச் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தால் வாளிக்கு மேலே இரண்டு பாதங்கள். அவ்வளவுதான் தெரிந்தது. அலறல் இல்லை, தண்ணீர் தெறிக்கிற சத்தம்கூட இல்லை. காலைப் பிடித்துத் தூக்கினேன். இருமினான், அப்புறம் வீறிட்டு அழுதான். அந்த அழுகை மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தொலைபேசியில் யாரோ ‘ஹலோ, ஹலோ’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மூழ்குகிற பிள்ளை கத்தும், கையை ஆட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. அந்த வயதில் உடம்புக்குத் தலைதான் பாரம். குப்புறக் கவிழ்ந்தால் நிமிரத் தெம்பிருக்காது. அதற்கு வாளி நிறையத் தண்ணீர்கூட வேண்டாம், மூக்கும் வாயும் மறைகிற அளவு போதும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் விளையாட்டென்றால் கையில் தொலைபேசி கிடையாது, ஆட்டம் முடிந்தால் வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். மகனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. கவிழ்க்கிற பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை.

காரையும் தண்ணீரையும் சொல்லியாயிற்று. இனி நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிற விஷயங்களுக்கு வருகிறேன். அவற்றில் பாதியை இறக்கி வைத்துவிடலாம்.

‘போரடிக்குது’ என்று பிள்ளை சொன்னதும் நமக்குக் கை பரபரக்கிறது. ஏதோ புகார் வந்துவிட்ட மாதிரி எழுந்து ஓடி, வண்ணத்தை எடு, களிமண்ணை எடு. நானும் ஓடியவள்தான். ஒருநாள் எனக்குக் கடுமையான தலைவலி, எழுந்திருக்கவே முடியவில்லை. ‘அப்படியா, எனக்கும்தான் போரடிக்குது’ என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். மகன் தரையில் உருண்டான். என் தலைமாட்டில் வந்து நின்று மூச்சுவிட்டான். நாற்காலியை ஓர் உதை உதைத்தான். இருபது நிமிடம் இருக்கும், தாங்கிக்கொள்வது கஷ்டமாகத்தான் இருந்தது. அப்புறம், உதைத்த அதே நாற்காலியை இழுத்துக்கொண்டு போனான். போர்வை போயிற்று, தலையணை போயிற்று, என் துணி கிளிப்புகள் பன்னிரண்டும் போயின. சத்தமே இல்லையே என்று நானே பயந்துபோய் எழுந்து பார்த்தால், போர்வைக் கூடாரத்துக்குள் கிளிப்புகளை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு கிளிப்புக்கு உடம்பு சரியில்லையாம், லீவாம்.

அந்த முதல் இருபது நிமிடத்தில் எழுந்து போய் ஏதாவது கையில் கொடுத்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடம் நடந்திருக்காது. சலிப்பான வேலை கொடுத்தால் கற்பனை கூடுகிறதா என்று 2014-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது. தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எண்களைப் பார்த்து எழுத வைத்தார்கள். அந்தச் சலிப்பை அனுபவித்துவிட்டு வந்தவர்கள், ஒரு ஜோடிப் பிளாஸ்டிக் கோப்பையை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்டபோது மற்றவர்களைவிட அதிகம் சொன்னார்கள். பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வுதான், அதனால் அதை ரொம்பத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். எனக்குக் கிளிப்புப் பள்ளிக்கூடமே போதும்.

உங்கள் வீட்டிலேயே பாருங்களேன். பதினொரு மணிக்குக் கைவேலை என்று எழுதினீர்கள். காகிதத்தில் கப்பல் செய்வது கைவேலை இல்லாமல் வேறென்ன? அக்காவும் தம்பியும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த வேலை என்று உங்கள் கடிதம் முழுக்கத் தேடினால் அது ஒன்றுதான் அகப்படுகிறது.

சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. மில்ட்ரெட் பார்ட்டன் என்கிற அமெரிக்க ஆய்வாளர் சின்னப் பிள்ளைகள் விளையாடுவதைப் பக்கத்திலிருந்து கவனித்து 1932-இல் வகைப்படுத்தினார். அதில் ஒரு வகை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சாமானை வைத்துக்கொண்டு, ஆனால் ஆளுக்கொரு விளையாட்டு. இன்னொன்று, சேர்ந்து திட்டம் போட்டு, ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டு விளையாடுவது. உங்கள் மூன்றரை வயசுக்காரன் இன்னும் பாதிநேரம் முதல் வகையில் இருப்பான். ஏழு வயசுக்காரி இரண்டாவதில், அதுவும் சட்டதிட்டம் போடுகிற வயதில். அவள் கடை வைத்தால் அவன் கடையைச் சாப்பிட்டுவிடுவான். இதில் உங்கள் வளர்ப்பில் கோளாறு எதுவும் இல்லை. பெரியவளுக்கு அவன் கை எட்டாத ஓர் இடம் கொடுங்கள், மேசை மேலோ, கட்டில் மேலோ. அங்கே அவள் வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் பாதிச் சண்டை அதிலேயே அடங்கிற்று. மீதிப் பாதி அடங்காது.

படிப்பு மறப்பது பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். ஹாரிஸ் கூப்பரும் கூட்டாளிகளும் 1996-இல் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் பாடம் அளவுக்குப் பின்தங்குகிறார்கள் என்றார்கள். வாசிப்பைவிடக் கணக்கில்தான் சறுக்கல் அதிகம். அந்தக் காலத்துத் தேர்வுகளும் மதிப்பெண் போட்ட முறையுமே சறுக்கலைப் பெரிதாகக் காட்டிவிட்டன என்று பின்னால் வந்தவர்கள் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் ராத்திரி ஒரு கதை, அவ்வப்போது வாய்க்கணக்கு, போதும். ஏழு வயசு.

அட்டவணைக்குப் பதில் நாளுக்கு மூன்று முளை அடித்துக்கொள்ளுங்கள், நடுவில் கயிறு தொய்வாகவே கிடக்கட்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் வெளியே. உச்சி வெயிலில் திரையை இழுத்துவிட்டு ஓய்வு. சாயங்காலம் தண்ணீர். காலையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதில் கண்ணுக்கும் ஒரு லாபம் இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டு மூன்று வருடம் பார்த்தார்கள். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். வெயிலில் காய வேண்டியதில்லை. மர நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும்.

மத்தியான ஓய்வில் பெரியவளைத் தூங்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். படுத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், சத்தம் மட்டும் கூடாது. அந்த நேரத்தில் நீங்களும் கணினியை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்சம் படுங்கள். நீங்கள் கத்துவதில் பாதி உங்கள் புழுக்கமும் தூக்கமின்மையும் கத்துவது.

கைபேசிக்கு வருகிறேன். இரண்டிலிருந்து நான்கு வயது வரை திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணியை ஐந்தும் பத்துமாகச் சில்லறை மாற்றிவிடாதீர்கள். முக்கியமான மீட்டிங்குக்கென்று முடிந்து வைத்து, அந்த நேரத்தில் மனசாட்சி உறுத்தாமல் எடுத்துக் கொடுங்கள்.

தூங்குகிற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்காத அம்மா யார்? நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அது அவர்களுக்குக் கேட்பதில்லை. காலையில் விழித்ததும் கேளுங்கள்: ‘நேத்து அம்மா ரொம்பக் கத்திட்டேன், வெக்கையில எரிச்சலா இருந்தது.’ அரை நிமிட வேலை. பெரியவள் உடனே, ‘பரவால்லம்மா, நாங்களும் கத்தினோம்ல’ என்பாள்.

ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த வண்ண அட்டவணையில் உங்கள் கணவர் பெயர் எந்த மணிக்காவது இருந்ததா? இருட்டின பிறகுதான் வருவார், சரி. காலையில் போவதற்கு முன்னால் வீட்டில்தானே இருக்கிறார்? வெளியே கூட்டிப்போகிற அந்தக் காலை நேரத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் எங்கே போனார்கள், என்ன செய்தார்கள் என்று மேற்பார்வை பார்க்காதீர்கள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி.

ஒழுங்காகச் செய்கிற அம்மாக்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒருத்தியை நான் இன்னும் சந்திக்கவில்லை. படத்தில் நீந்துகிற பிள்ளையை, படம் எடுத்து முடித்த அடுத்த நிமிடத்தில் என்ன சொல்லித் திட்டினார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

அந்தக் கப்பல் இன்னும் குப்பைக்குப் போகாமல் இருந்தால் எடுத்து வையுங்கள். சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீரில் விடச் சொல்லுங்கள், பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். வண்ணப் பேனா மை கரைந்து தண்ணீரில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க நன்றாக இருக்கும். எட்டு மணி வாசிப்பு முதலில் கரைகிறதா, ஒன்பது மணிக் கணக்கா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். எழுந்து வரும்போது வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா