சொட்டு மருந்து விட்டும் எரிச்சல் அடங்காவிட்டால்

வணக்கம். கண் வறட்சிக்காக ஒரு நாளைக்கு 8 முறை சொட்டு மருந்து விட்டும் கண் எரிகிறது, போதாததற்கு நீரும் வழிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீர் வழிவதால் வறட்சி இல்லை என்று ஆகிவிடாது. உறுத்தல் தாங்காமல் சுரக்கும் நீர் அது, கண்ணில் தங்காது. கண்ணீர் ஆவியாகாமல் காப்பது அதன்மேல் படியும் எண்ணெய்ப் படலம். அதைச் சுரக்கும் இமைச் சுரப்பிகள் அடைபட்டிருந்தால் சொட்டு மருந்து மட்டும் போதாது.

வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய இமைகள்மேல் 10 நிமிடம் வையுங்கள். துணி சீக்கிரம் ஆறிவிடும். மறுபடி மறுபடி நனைத்துப் பிழிய வேண்டும். இதில்தான் பலர் சலித்துவிடுகிறார்கள். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவுங்கள். சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

மருந்து அட்டையில் பென்சல்கோனியம் குளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள். மருந்து கெடாமலிருக்கச் சேர்ப்பது அது. இத்தனை முறை விட்டால் அதுவே கண்ணைப் புண்படுத்தும். அது இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பை மறைக்கும் சொட்டு மருந்தின் பக்கமே போகாதீர்கள்.

வாயும் வறண்டு மூட்டும் வலிக்கிறதென்றால் கண் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். பார்வை மங்கினாலோ கடும் வலி வந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.