தேன்மெழுகும் அடுப்புப் பரணும்

அன்புள்ள அண்ணனுக்கு,

பாறசாலையிலிருந்து எழுதுகிறேன். சபைப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். அக்கார்டியன் கற்றுக்கொள்ள ஆசை. நெய்யாற்றின்கரையில் ஒருவரிடம் 1960களின் ஹோனர் ஒன்று இருக்கிறது. 120 பேஸ் (இடது கைப் பொத்தான்கள்), கருப்பு, புதிதுபோல மின்னுகிறது. 42,000 ரூபாய் கேட்கிறார். ‘வின்டேஜ் சாதனம், வருஷம் போகப்போக விலை ஏறும்’ என்கிறார். இது நியாயமான விலையா? சிவப்புக்கு மதிப்பு அதிகமாமே? யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமா? உங்கள் மாமா வாசித்ததாக எப்போதோ எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

ஆர்., பாறசாலை

அன்புள்ள ஆர்.,

விலை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஆனால் போன வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு தேன் கடை வாசலில் நின்றபோது மெழுகு வாசனை மூக்கில் ஏறி, மாமாவின் அக்கார்டியன் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

சிவப்பா கருப்பா என்பதை விடுங்கள், புடவையா எடுக்கிறீர்கள்? யூடியூபில் வலது கை வந்துவிடும், துருத்தி இழுப்பதைத் திருத்த எதிரில் ஓர் ஆள் வேண்டும். அது போகட்டும்.

அந்த ‘வின்டேஜ்’ என்ற வார்த்தைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயலினுக்கு வயதானால் நாதம் கனியும் என்பார்கள். அக்கார்டியனுக்கு அந்தப் பேச்சே கிடையாது. உள்ளே பாடுவது ஒரு எஃகு நாக்கு. அதை அலுமினியத் தகட்டில் தறைந்து, தேன்மெழுகும் ரோசின் என்ற மரப் பிசினும் சேர்த்து உருக்கிய கலவையால் மரக்கட்டையில் ஒட்டியிருப்பார்கள். காற்று வேண்டாத பக்கம் போகாமல் தடுக்க ஒரு சின்னத் தோல் பட்டை. எஃகு துருப்பிடிக்கும், மெழுகு காய்ந்து வெடிக்கும், தோல் சுருண்டுகொள்ளும். அதிலும் நம் பக்கம் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. விற்பவர் வயதைக் கூட்டிச் சொல்கிறார். நீங்கள் கழித்துக் கேட்க வேண்டும்.

பெயரைப் பார்த்தும் மயங்காதீர்கள். ஜெர்மனியில் ட்ராசிங்கன் என்ற ஊரில் 1857இல் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கிய கம்பெனி ஹோனர். பள்ளிப் பிள்ளைகளுக்கான எளிய பெட்டியும் அவர்கள் செய்ததுதான், மேடைக்காரர்களின் உயர்ந்த பெட்டியும் அவர்கள் செய்ததுதான். வெளியே எழுதியிருக்கும் பெயர் ஒன்றே.

போனால் முதலில், ஒரு கட்டையையும் அழுத்தாமல், துருத்திப் பட்டையை அவிழ்த்துவிட்டு, பேஸ் பக்கம் கீழே தொங்கும்படி தூக்கிப் பிடியுங்கள். மனமில்லாமல் மெல்ல இறங்க வேண்டும். பொத்தென்று இறங்கினால் காற்று கசிகிறது. அப்புறம் ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி, துருத்தியை இழுத்து ஒரு முறை, தள்ளி ஒரு முறை. இரண்டுக்கும் வேறு வேறு நாக்கு. ஒரே சுரத்துக்கான இரண்டு நாக்குகளின் சுருதி லேசாக விலகி ஒலி அலைவது பல பெட்டிகளில் வேண்டுமென்றே வைத்தது. அதைச் சுருதி கெட்டது என்று சொல்லி அசடு வழியாதீர்கள். ஒற்றை நாக்கு மட்டும் பேசும் சுவிட்சைப் போட்டுக் கேளுங்கள்.

இதெல்லாம் இரண்டாம்பட்சம். திறந்து பார்க்க வேண்டும். திறக்காமல் வாங்கக் கூடாது. எத்தனை மின்னினாலும் திறக்காமல் வாங்கக் கூடாது.

என் மாமா திறக்காமல்தான் வாங்கினார். குழித்துறைப் பக்கம் ஒரு சின்ன சபையில் வாசித்தவர். கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வந்த இத்தாலியப் பெட்டி. அதிர்ஷ்டம், உள்ளே சுத்தமாக இருந்தது. கெடுத்தது நான். வளைகுடாவுக்குப் புறப்படும்போது, “மக்கா, மழ படாம பாத்துக்க” என்றார். எனக்குப் பதினொன்று வயது. எங்கள் வீட்டில் ஈரம் அண்டாத இடம் ஒன்றே ஒன்று, கொப்பரையும் நல்லமிளகும் கிடக்கிற அடுப்புப் பரண். போர்வையில் சுற்றி, அங்கே ஏற்றி வைத்தேன். அதற்காக அம்மா என்னைப் பாராட்டவும் செய்தாள்.

இரண்டு வருஷம் கழித்து கிறிஸ்துமஸ் லீவில் வந்தார். தோளில் மாட்டி இழுத்தார். உள்ளே கலகலவென்று ஏதோ சரிந்தது. “அடுப்புக்க மேலயா வச்ச?” அவ்வளவுதான் கேட்டார். குறட்டு வாயில் துணி சுற்றி, விளிம்பு ஆணிகளை ஒவ்வொன்றாக உருவிப் பெட்டியைப் பிரித்தார். கூடையிலிருந்து மத்தி கொட்டினதுபோலத் தகடுகள். அடியில் மெழுகு வழிந்து உறைந்திருந்தது. அத்தனை புகை நாற்றத்தையும் மீறித் தேன் மணத்தது. தேன்மெழுகு 60 டிகிரியைத் தாண்டியதும் உருகிவிடும், அதற்கு முன்பே இளகிப் பிடியை விட ஆரம்பிக்கும். மழையைப் பற்றிச் சொன்ன மாமா இதைச் சொல்லவில்லை.

மார்த்தாண்டத்தில் ஹார்மோனியம் பழுது பார்க்கும் ஒரு தாத்தாவிடம் கொண்டுபோனோம். வலது பக்கம் 41 கட்டை, கட்டைக்கு நாலு தகடு, ஆக 164. தகட்டுக்கு இரண்டு நாக்கு. பழைய பேப்பரை விரித்து, சின்னத் துருத்தியில் வைத்து ஒவ்வொன்றாகப் பேச வைத்து, சுரம் பார்த்து வரிசை வைத்தார். நான் ஒரு தகட்டை வாயில் வைத்து ஊதினேன். மண்டையில் குட்டு விழுந்தது. “எச்சி பட்டா துரு ஏறும்லே!” மெழுகு நம் ஊர் மெழுகு. ரோசினைப் பொடித்துப் போட்டு இரும்புக் கரண்டியில் உருக்கினார்.

வலது பக்கம் முடிவதற்குள் லீவு தீர்ந்தது. இடது பக்கம் கடைசிவரை ஊமைதான், பொத்தானை அழுத்தினால் உஸ் என்று காற்று மட்டும் போகும். அடுத்தடுத்த கிறிஸ்துமஸ்களில் மாமா வலது கையால் மட்டும் வாசித்தார். இடது கை துருத்தியை இழுத்துக்கொண்டிருக்க, விரல்கள் பழக்கத்தில் பொத்தான் வரை போய், தொடாமல் திரும்பும். சபையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சரி, 42,000 கேட்டீர்கள். மெழுகு முழுக்க மாற்றிச் சுருதி சேர்க்க வேண்டியிருந்தால் அந்தக் கூலியே பெட்டி விலையைத் தொட்டுவிடும். உள்ளே பார்க்காமல் நான் என்ன சொல்ல? திறக்க விடமாட்டேன் என்றால் பாதி விலைக்கும் வேண்டாம். தவிரவும் 120 பேஸ் பெரும்பாலும் பத்துக் கிலோவுக்குப் பக்கமாகவோ மேலாகவோ கனக்கும். பழகுகிறவருக்கு 48 அல்லது 72 பேஸ் போதும், ஆனால் நீங்கள் கேட்கப்போவதில்லை என்று தெரிகிறது.

சனிக்கிழமை காலை களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன், சேர்ந்தே போகலாம். குறடு என்னிடம் இருக்கிறது. சுற்றுவதற்கு ஒரு பழைய துணி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.