உடல் பருமனைக் குறைக்க சமூகச் சந்தைப்படுத்தல் உதவுமா?

சோப்பு விற்கிற உத்தியை வைத்து ஊரின் எடையைக் குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், போஸ்டர் ஒட்டுவதோடு நின்றுவிட்டால் முடியாது.

1971-இல் பிலிப் கோட்லர், ஜெரால்டு சால்ட்மன் என்ற இரண்டு சந்தைப்படுத்தல் பேராசிரியர்கள் இந்த உத்திக்குச் ‘சமூகச் சந்தைப்படுத்தல்’ என்று பெயர் வைத்தார்கள். பொருளுக்குப் பதில் இங்கே விற்பது ஒரு பழக்கம். விலை என்பது காசு மட்டுமல்ல, நேரம், அலுப்பு, கூச்சம் எல்லாம் சேர்த்திதான்.

நம்ம சென்னை டீக்கடையையே பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு டீ, கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 32 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூட்டத்துக்கு நடுவே “சக்கரை கம்மி” என்று சொல்லிப் பாருங்கள், “சுகரா சார்?” என்று பக்கத்தில் ஒருவர் விசாரிப்பார். அந்தக் கூச்சம்தான் விலை. மாஸ்டர் எல்லாருக்குமே அரைச் சர்க்கரை போட்டு, வேண்டியவர் மட்டும் கூடக் கேட்டால் அந்த விலை காணாமல் போகும்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது பருமன். பெசன்ட் நகரில் 2023-இல் அரசு தொடங்கிய 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் நல்ல யோசனை. ஆனால் நடந்து முடித்ததும் மூக்கைத் துளைக்கிற பஜ்ஜி வாசனைக்கு எதிரே, அதே விலையில் சுண்டலும் இருக்க வேண்டும்.