பிரஸ்ஸல்ஸில் குழந்தைகளுக்காகக் கதவைத் தட்டுவது: கேள்வி பதில்

குழந்தை உரிமை அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்றுக்காக பிரஸ்ஸல்ஸில் வேலை செய்கிறேன். ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகக் கிளையான ஐரோப்பிய ஆணையத்தின் அதிகாரிகள், ஸ்ட்ராஸ்பர்க் குழுக்கள் ஆகியோரோடு சேர்ந்து சட்டத்திலும் பட்ஜெட்டிலும் குழந்தைகளுக்கு இடம் வாங்கித் தருவதுதான் அந்த வேலை. கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஒன்று, கவுன்சில் ஆஃப் யூரோப் இன்னொன்று. குழந்தை விஷயமாக யாரிடம் போக வேண்டும்? (சட்ட மாணவி, சென்னை)

இரண்டு இடத்துக்கும்தான்மா, ஆனால் வேறு வேறு காரியத்துக்கு. ஒன்றியத்தில் 27 நாடுகள். அதன் கையில் பணமும் சட்டம் போடும் அதிகாரமும் இருக்கின்றன. கவுன்சில் ஆஃப் யூரோப் தனி அமைப்பு, ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கிறது. 2022இல் ரஷ்யாவை வெளியேற்றிய பிறகு அதில் 46 நாடுகள். மனித உரிமைகள் நீதிமன்றம் அதனுடையது. குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் லான்சரோட்டே ஒப்பந்தமும் (2007) அங்கே பிறந்ததுதான். 46 நாடுகளும் அதை ஏற்றுவிட்டன.

2009 டிசம்பரில் லிஸ்பன் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோதுதான் குழந்தை உரிமையைக் காப்பது ஒன்றியத்தின் நோக்கங்களில் ஒன்றாக எழுதப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் "இது உங்கள் நாட்டு விவகாரம்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது சுலபம். இப்போது அப்படிச் சொன்னால் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டலாம்.

இத்தனை மாநாடு, அறிக்கை, கைகுலுக்கல். இதனால் ஒரு குழந்தையின் வாழ்க்கையாவது மாறியிருக்கிறதா? (ஆசிரியை, பாரிஸ் புறநகர்)

நீங்கள் இருக்கும் பிரான்ஸிலேயே உதாரணம் இருக்கிறது. கவுன்சில் ஆஃப் யூரோப்பின் ஒப்பந்தமான ஐரோப்பிய சமூக சாசனத்தின் கீழ் கூட்டுப் புகார் என்று ஒரு வழி உண்டு. பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையைத் தேடிப்பிடித்துக் கூண்டில் ஏற்ற வேண்டாம். உள்நாட்டு நீதிமன்றங்களில் வருஷக்கணக்காக அலைந்துவிட்டு வர வேண்டிய கட்டாயமும் இல்லை. தகுதி பெற்ற ஒரு அமைப்பு, "இந்த நாட்டின் சட்டமே குழந்தையைக் காக்கவில்லை" என்று நேராக எழுதலாம். இந்த வழியில் வந்த முதல் புகாரே, 1998இல், போர்ச்சுகலின் குழந்தைத் தொழிலாளர் பற்றியதுதான்.

2013இல் அப்ரோச் என்ற பிரிட்டிஷ் அமைப்பு, குழந்தைகளை அடிப்பதைத் தெளிவாகத் தடை செய்யாத நாடுகள் சிலவற்றின் மேல் இப்படிப் புகார் கொடுத்தது. பிரான்ஸ், அயர்லாந்து இரண்டும் அதில் இருந்தன. பிரான்ஸ் சாசனத்தை மீறுகிறது என்று, இந்தப் புகார்களை விசாரிக்கும் ஐரோப்பிய சமூக உரிமைகள் குழு எடுத்த முடிவு 2015 மார்ச்சில் வெளியானது. அந்தக் குழுவால் அபராதம் போட முடியாது, யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. அந்த ஊரில் ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்த ஆட்களுக்கு அது ஒரு கையிருப்பு, அவ்வளவுதான். மருத்துவர்கள், சங்கங்கள், சில எம்.பி.க்கள் அதைப் பிடித்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பப் பேசினார்கள். 2019 ஜூலையில் சட்டம் வந்தது. பெற்றோர் அதிகாரம் உடல் வன்முறையோ மன வன்முறையோ இல்லாமல் செலுத்தப்பட வேண்டும் என்ற வாசகம் சிவில் சட்டத்தின் 371-1ஆம் பிரிவில் ஏறியது. அயர்லாந்து 2015 டிசம்பரிலேயே "நியாயமான கண்டிப்பு" என்று சொல்லித் தப்பிக்கும் வழியை அடைத்துவிட்டது.

உங்கள் ஊர் நகராட்சியில் கல்யாணப் பதிவுக்குப் போனால் கவனித்துக் கேளுங்கள். மேயர் மணமக்களுக்கு வாசித்துக் காட்டும் சட்டப் பிரிவுகளில் 371-1 உண்டு. குழந்தை பிறக்கும் முன்பே, அதை அடிக்கக்கூடாது என்று சபையில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய பதில் இல்லை.

இந்தக் கூட்டுப் புகார் முறையை ஏற்றிருப்பது 16 நாடுகள் மட்டும்தான். ஜெர்மனியும் பிரிட்டனும் ஏற்கவில்லை.

ஒரு சட்டத்துக்குள் நீங்கள் நினைத்த வரியை எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? நடைமுறையைச் சொல்லுங்கள் அக்கா. (சமூகப் பணியாளர், கொழும்பு)

ஐரோப்பிய சமூக நிதியின் கதையைச் சொல்கிறேன். 2018 மே மாதம் ஆணையம் அடுத்த ஏழாண்டுக்கான சமூக நிதி வரைவை வெளியிட்டது. அதில் குழந்தை வறுமைக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. பொதுவாக "சமூக உள்ளடக்கம்" என்றிருந்தது. அப்படி எழுதினால் பணம் பெரியவர்களின் வேலைப் பயிற்சிக்குப் போய்விடும் என்பது எங்கள் கவலை.

வரைவு நாடாளுமன்றத்தின் வேலைவாய்ப்புக் குழுவுக்கு வரும். ஒரு உறுப்பினர் அதற்குப் பொறுப்பாளர். மற்ற கட்சிகள் தங்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொருவரை நிழல் பொறுப்பாளராகப் போடும். திருத்தம் கொடுக்கக் கடைசித் தேதி ஒன்று இருக்கும். எங்கள் உலகமே அந்தத் தேதியைச் சுற்றித்தான். திருத்தப் படிவத்தில் இரண்டு பத்திகள்: இடப்பக்கம் ஆணையத்தின் வாசகம், வலப்பக்கம் உங்கள் வாசகம், மாற்றிய சொற்கள் மட்டும் தடித்த சாய்வெழுத்தில். கீழே இரண்டு வரி காரணம். உறுப்பினரின் உதவியாளர் அப்படியே எடுத்து ஒட்டும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். நாற்பது பக்க அறிக்கையை நீட்டினால் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்வார்கள். சரியான பிரிவில் சரியான ஒரு வாசகத்தைக் கொடுத்தால், அது வாக்கெடுப்புக்குப் போகும். அதையும் ஒரு கட்சியிடம் மட்டும் கொடுக்கக்கூடாது. வலது, இடது, நடு என்று எல்லாப் பக்கத்திலும் ஆள் வேண்டும். நாடாளுமன்றத்தில் 2014 முதல் குழந்தை உரிமைக்கென்று கட்சி கடந்த ஒரு குழு இருப்பது இதற்குப் பெரிய பலம்.

நாடாளுமன்றம் குழந்தை வறுமைக்கென்று 590 கோடி யூரோ கேட்டது. பிறகு கொரோனா வந்தது. 2020இல் ஆணையமே தன் வரைவைத் திருத்தி, எல்லா நாடுகளும் இந்த நிதியில் 5 சதவீதத்தைக் குழந்தை வறுமைக்குச் செலவிட வேண்டும் என்றது. அப்புறம் நாடாளுமன்றம், ஆணையம், உறுப்பு நாடுகளின் அரசுகள் என்று மூன்று தரப்பும் மூடிய அறையில் உட்கார்ந்து பேரம் பேசியதில் அது சுருங்கியது. 2021 ஜூனில் முடிவான சட்டப்படி, 2017–2019இல் குழந்தை வறுமை ஒன்றியத்தின் சராசரியைவிட அதிகமாக இருந்த நாடுகளுக்கு மட்டும் 5 சதவீதம் கட்டாயம். மற்றவை "பொருத்தமான தொகை" ஒதுக்கினால் போதும். அந்த இரண்டு சொல்லில் எத்தனை குழந்தைகளின் மதிய உணவு தொங்குகிறது என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

அதே மாதத்தில் ஐரோப்பியக் குழந்தை உத்தரவாதம் வந்தது. மழலையர் பராமரிப்பு, கல்வி, மருத்துவம், சத்துணவு, வீடு ஆகியவை ஏழைக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு நாடும் 2030 வரைக்கும் செயல்திட்டம் போட வேண்டும், ஒரு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். நாடாளுமன்றம் முதலில் இதைக் கேட்டது 2015இல். ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. 2024 கணக்குப்படி ஒன்றியத்தில் சுமார் 1.95 கோடிக் குழந்தைகள், அதாவது நான்கில் ஒன்று என்று சொல்லும்படி, வறுமையின் விளிம்பில் இருக்கிறார்கள். ஆகவே 2028இல் தொடங்கும் அடுத்த பட்ஜெட்டிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்பதுதான் எங்களின் இப்போதைய போராட்டம்.

கம்பெனிகள் செய்தால் லாபி, நீங்கள் செய்தால் சேவையா மேடம்? (வாசகர், லண்டன்)

இரண்டும் லாபிதான், விதியும் ஒன்றுதான். 2011 முதல் ஒன்றியத்தில் பொதுப் பதிவேடு உண்டு. நாங்களும் பதிந்திருக்கிறோம். எங்களுக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்பதை அதில் யாரும் பார்க்கலாம். எங்களைப் போன்ற பல அமைப்புகள் ஒன்றியத்திடமே மானியம் வாங்குகின்றன. வாங்கிக்கொண்டு வாயை மூடினால் அது தவறு. வாங்கிக்கொண்டும் குறை சொல்ல முடிவதுதான் நல்ல கூட்டுக்கு அடையாளம்.

ஒன்றியத்தின் பணமே குழந்தைகளுக்குக் கெடுதல் செய்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? (செவிலியர், டப்ளின்)

உண்மை. கிழக்கு ஐரோப்பாவில் பெரிய பெரிய குழந்தைகள் இல்லங்கள் இருந்தன. ருமேனியாவில் 1989இல் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது உலகம் அந்தக் கட்டில் வரிசைகளைப் பார்த்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள், வீட்டில் வசதிதான் இல்லை. ஒன்றியத்தில் சேர விரும்பிய ருமேனியாவிடம் இதைச் சரிசெய்யச் சொல்லி அழுத்தம் கொடுத்ததில், 2004இல் புதிய குழந்தைச் சட்டம் வந்தது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களை இல்லத்தில் விடுவதற்குத் தடை, கடும் ஊனமுற்ற குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு எனக்கு ஒப்புதல் இல்லை.

ஆனால் இன்னொரு பக்கம், பல நாடுகளில் ஒன்றியத்தின் நிதி அதே இல்லங்களுக்குச் சுண்ணாம்படிக்கவும் புதுக் கூரை போடவும் போனது. புதுக் கூரை போட்ட கட்டடத்தை யார் மூடுவார்கள்? 2009இல் ஆணையம் கூட்டிய நிபுணர் குழு, இல்லங்களிலிருந்து குடும்பப் பராமரிப்புக்கு மாற வேண்டும் என்று எழுதியது. அமைப்புகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடின. 2014–2020 நிதி விதிகளில் அந்த மாற்றம் இடம்பெற்றது. பணத்தின் விதியை மாற்றினால் அமைச்சகங்கள் எவ்வளவு வேகமாக மனம் மாறுகின்றன என்பதை அங்கே பார்த்தோம்.

ஓஸ்லோவில் இருக்கிறோம். பிள்ளையை ஒரு தட்டுத் தட்டினால் பார்னவேர்ன் (நார்வேயின் குழந்தைநலத் துறை) தூக்கிக்கொண்டு போய்விடும் என்று எங்கள் ஆட்கள் நடுங்குகிறார்கள். நீங்கள் யார் பக்கம்? (இரு பிள்ளைகளின் தகப்பன்)

பிள்ளையின் பக்கம், அண்ணா. நார்வேயில் 1987 முதலே அடிப்பது சட்டப்படி குற்றம். "எங்கள் ஊர் வழக்கம்" என்ற சமாதானம் அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. அதே சமயம், பெற்றோரைவிட்டுப் பிரிக்கப்படாமல் வளர்வதும் பிள்ளையின் உரிமைதான். ஐ.நா. குழந்தை உரிமை ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. உங்கள் ஆட்களின் பயம் வெறும் வதந்தி அல்ல. 2019 செப்டம்பர் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் பேரமர்வு, ஒரு தாயின் சம்மதம் இல்லாமல் பிள்ளையைத் தத்துக் கொடுத்த வழக்கில், நார்வே குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. அம்மாவும் பிள்ளையும் சந்திக்க மிகக் குறைவான நேரமே கொடுத்துவிட்டு, அந்தச் சொற்பச் சந்திப்புகளை வைத்தே முடிவெடுத்தது எப்படி என்று கேட்டது. அதன்பின் நார்வேயின் உச்ச நீதிமன்றமே 2020இல் வழிகாட்டுதலைத் திருத்த வேண்டியிருந்தது.

அழைப்பு வந்தால் ஒளியாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரரை வைத்துச் சமாளிக்க வேண்டாம். குழந்தைநலத் தீர்ப்பாயம்வரை விஷயம் போனால் உங்களுக்கு வழக்கறிஞர் உண்டு, செலவை அரசு ஏற்கும்.

எனக்கு 16 வயது. கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், அனுப்பிவிடுகிறார்கள். இதில் என்ன பிரயோஜனம் அக்கா? (மாணவன், ஆண்ட்வெர்ப்)

கோபப்பட உனக்கு முழு உரிமை இருக்கிறது தம்பி. பெல்ஃபாஸ்ட் பேராசிரியர் லாரா லண்டி 2007இல் நான்கு விஷயங்களைச் சொன்னார்: பேச இடம், பேசத் துணை, கேட்க வேண்டியவர் எதிரே இருப்பது, சொன்னதற்குப் பலன். போட்டோக் கூட்டங்களில் முதல் இரண்டோடு நின்றுவிடும்.

2021இல் வந்த ஒன்றியத்தின் குழந்தை உரிமைத் திட்டத்துக்காக ஐந்து அமைப்புகள் சேர்ந்து 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கருத்துக் கேட்டன. பிறகு ஒன்றியம் குழந்தைகளுக்கென்று நிரந்தரப் பங்கேற்புத் தளம் ஒன்றையும் அமைத்தது. நல்ல தொடக்கம். அடுத்த முறை உன்னைக் கூப்பிட்டால், போவதற்கு முன்பே மூன்று கேள்வி கேள்: எந்த முடிவைப் பற்றிப் பேசப்போகிறோம், அது ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா, நான் சொன்னது என்னவாயிற்று என்று எனக்கு எப்போது எழுதுவீர்கள்? பதில் தராவிட்டால் போகாதே. அப்புறம் ஒன்று, 2024 ஐரோப்பியத் தேர்தலில் பெல்ஜியத்தில் 16 வயதினர் வாக்களித்தார்கள். அடுத்தது 2029இல். வேட்பாளர்கள் உன்னைத் தேடி வரட்டும்.

ஐரோப்பாவில் போடும் சட்டத்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது உண்டா? (தொண்டு நிறுவன ஊழியர், திருப்பூர்)

உண்டு. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலை விடுதிகளில் வளரிளம் பெண்கள் அடைபட்டதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகுதான் இங்கே பல துணிக்கடைக் கம்பெனிகள் வாய் திறந்தன. 2024 நவம்பரில் ஒன்றியம் கட்டாய உழைப்பில் உருவான பொருள்களைத் தன் சந்தையில் விற்கத் தடைச் சட்டம் போட்டது. குழந்தைகளின் கட்டாய உழைப்பும் அதில் அடங்கும். 2027 டிசம்பர் 14 முதல் அமல். தகவல் கொடுக்க ஒரு பொது வழி இருக்கும், ஐரோப்பியராக இருக்க வேண்டியதில்லை. எனவே இப்போதிருந்தே தேதி, ஷிப்டு, சம்பளச் சீட்டு என்று ஆதாரத்தை ஒழுங்காகச் சேருங்கள். பெண்ணின் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்டரை ரத்து செய்துவிட்டு வாங்குபவர் ஓடிவிட்டால் அந்தப் பெண்தான் நடுத்தெருவில் நிற்பாள். அதனால் "நிலைமையைச் சரிசெய், நஷ்டஈடு கொடு" என்ற கோரிக்கையையும் கூடவே வையுங்கள்.

இலங்கை நண்பர்களுக்கு: ஏற்றுமதிக்கு ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை 2017இல் திரும்பக் கிடைத்தபோது, குழந்தை உரிமை ஒப்பந்தம், குழந்தைத் தொழிலாளர் ஒப்பந்தங்கள் உட்பட 27 ஒப்பந்தங்களை மதிப்பது அதன் நிபந்தனை. கண்காணிக்க வரும் ஐரோப்பியக் குழு தொண்டு நிறுவனங்களையும் சந்திக்கும். நேரம் கேட்டு எழுதுங்கள்.

நாங்கள் நாலைந்து பேர்தான், ஜெர்மனியில் ஒரு சின்னத் தமிழ்ச் சங்கம். எங்கே தொடங்குவது? (தன்னார்வலர், எஸ்ஸன்)

பிரஸ்ஸல்ஸுக்கு ரயில் ஏற வேண்டாம். குழந்தை உத்தரவாதத்துக்கான தன் செயல்திட்டத்தை ஜெர்மனி 2023இல் வெளியிட்டுவிட்டது. அதை இறக்கிப் படியுங்கள். உங்கள் நகரத்தில் மழலையர் பள்ளி இடம் கிடைக்காமல், பள்ளி மதிய உணவுக்கு விண்ணப்பம் புரியாமல் தவிக்கும் குடும்பங்கள் சிலவற்றோடு உட்கார்ந்து, திட்டம் சொல்வதும் நடப்பதும் எங்கே இடிக்கிறது என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். அதை ஒருங்கிணைப்பாளர் அலுவலகத்துக்கும் உங்கள் பகுதியிலிருந்து போன ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு நாடும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆணையத்துக்கு முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை தயாராகும் முன்பே உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும். உறுப்பினரின் உதவியாளருக்கு ஒரு வாரம் கழித்துப் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் மறுபடி செய்யுங்கள்.