கார் ஷெட், சாமான், துரு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஷெட்டை ஒழுங்குபண்ணுவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப்பேர் கேட்டிருப்பது எந்த ரேக் வாங்கலாம் என்றுதான். நாகர்கோவிலில் வெல்டிங் பட்டறை வைத்து, ரேக் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிற நானே சொல்கிறேன், நம்ம மாவட்டத்தில் ரேக் கடைசி வேலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இன்னொரு மழை, போதாததற்குக் கடல். ஈரத்துக்கு ஒரு வழி பண்ணாமல் சாமானை அடுக்கினால் துருப்பிடித்ததை வரிசையாக வைத்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

குளச்சலில் இருந்து: அண்ணே, வீடு கடற்கரைக்குப் பக்கம். ஷெட்டுக்குள் ஒரு சொட்டு மழை இறங்காது. ஆனாலும் ஸ்பேனர், டிரில் பிட், தூண்டில் ரீல் எல்லாம் துரு. தினமும் துணி போட்டுத் துடைக்கிறேன்.

காய்ந்த துணியால் துடைத்தால் உப்பு போகாது தம்பி, பரவத்தான் செய்யும். மழை வராவிட்டால் என்ன, காற்று வருகிறதே. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே இழுக்க ஆரம்பிக்கும். அதனால் உங்கள் ஸ்பேனர் மேல் ராத்திரி முழுக்க உப்புத்தண்ணீர் படலம் ஒன்று நிற்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், நன்றாகக் காயவிடுங்கள், அப்புறம் எண்ணெய். அடிக்கடி எடுக்கிற டூலுக்கு ஸ்ப்ரே எண்ணெய் போதும், மாசக்கணக்கில் தொடாததற்கு கிரீஸ் தடவுங்கள்.

ரீலுக்குத் தனி மரியாதை. கடலில் இருந்து வந்ததும் டிராக் குமிழை (மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்று வைக்கிறது) இறுக்கிவிட்டு, மேலாக நல்ல தண்ணீரைத் தெளித்துக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே பேரிங் வரை போய்விடும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் வாஷர் அமுங்கியே கிடந்து கெட்டுப்போகும்.

சுவர் முழுக்க ஆணி அடித்து டூலைத் தொங்கவிடுகிற வீடியோக்களைப் பார்த்து நிறையப் பேர் என்னிடம் பலகை கேட்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கடலோரத்துக்கு ஆகாது. ரப்பர் விளிம்பு வைத்த மூடி உள்ள பெட்டி வாங்கி, உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் இருந்து பச்சையாக மாறும் வகையைக் கேட்டு வாங்குங்கள். நீலத்தில் இருந்து ரோஸ் ஆகிறதில் கோபால்ட் இருக்கிறது, நல்லதில்லை. எதுவானாலும் சமையல் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்க வேண்டாம். சுவரில் அடிக்கிற கொக்கி, போல்ட் வாங்கும்போதும் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். மின்னுவதில் துத்தநாகப் பூச்சு மெல்லிசு, ஹாட் டிப், அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது என்று கேட்டால் மங்கலான சாம்பல் நிறத்தில் தருவார்கள், அதுதான் நிற்கும். எவர்சில்வர்தான் வேண்டும் என்றால் 304 ரகம் வேண்டாம், 316 ரகம் கேளுங்கள். விலை கூடத்தான்.

குலசேகரத்தில் இருந்து: எங்களுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. ரப்பர் ஷீட் அடுக்குகிற ஷெட்டின் ஒரு மூலையில் பழைய பைக் ஒன்றைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்கிறேன். டூல் மட்டும் குளச்சல்காரர் சொன்ன மாதிரியே துருப்பிடிக்கிறது.

ஆசிட் கேன் எங்கே இருக்கிறது? அதே ஷெட்டில்தானே? ரப்பர் பால் உறைய வைக்க ஊற்றுகிற ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி மூடியைத் தாண்டிக் கசியும், இரும்பை அரிக்கும். பால் கெடாமல் இருக்க அமோனியா வைத்திருந்தால் அது பித்தளையைப் பிடிக்கும், உங்கள் கார்புரேட்டர் ஜெட் பித்தளைதான். இரண்டையும் வெளியே, வெயில் படாத, காற்றோட்டமான சாய்ப்பில் பூட்டி வையுங்கள். பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் கழுவுகிற ஆசிட், இவையும் டூல் இருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. சரியாகக் காயாத ஷீட்டும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

துருவை விடுங்கள், எனக்குப் பயமே வேறு. பெட்ரோல் டேங்கைக் கழற்றுகிற இடத்தில், கிரைண்டர் பொறி பறக்கிற இடத்தில் ரப்பர் அடுக்கா? அது பற்றிக்கொண்டால் லேசில் அணையாது. முதலில் பைக்கை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், டூலைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மார்த்தாண்டத்தில் இருந்து: மரவேலை பழக ஆசை அண்ணாச்சி. ரப்பர் தடி மலிவாகக் கிடைத்தது என்று பெஞ்ச் அடித்தேன். அடியில் மைதா மாவு மாதிரித் தூள் கொட்டுகிறது. சிதல்தானே? மருந்து என்ன அடிக்கலாம்?

சிதல் இல்லை. சிதல், அதாவது கறையான் என்றால் மண் தடம் இருக்கும், சுவரோரமாகத் தரையில் இருந்து ஏறியிருக்கும். குண்டூசி அளவு ஓட்டையும் மாவுத் தூளும் இருந்தால் அது உளுக்கிற வண்டு. ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம், அதைத் தின்னத்தான் வருகிறது. வெட்டிய கையோடு அறுத்து, போராக்ஸும் போரிக் ஆசிட்டும் கலந்த கரைசலை அழுத்தம் கொடுத்து ஏற்றிய பலகை என்றால் பயமில்லை. மில்லில் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான். அதுவும் உள்ளே போடுவதற்கு மட்டும், மழையில் நனைந்தால் மருந்து கரைந்து போய்விடும். உங்கள் பெஞ்சை வெளியே எடுத்துவிடுங்கள், பக்கத்தில் இருக்கிற நல்ல பலகைக்கும் பரவும். அடுத்த முறை மேல், கீழ், அறுத்த முனை எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடியுங்கள், வண்டு முட்டையிடுவது பூச்சு இல்லாத மரத்தின் துளையில்தான்.

பெஞ்சுக்கு என்னைக் கேட்டால், பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் போய் நில்லுங்கள். அயனிப் பலகை, வைரம் ஏறிய பனங்கை எல்லாம் கிடைக்கும், இத்தனை வருஷம் உளுக்காமல் நின்ற மரம். இழைக்கிறதற்கு முன்னால் ஒரு காந்தத்தை மேலே ஓட்டி ஆணி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இழைப்புளி போச்சு.

கறையானே வந்திருக்கிறவர்களுக்கு: சுவரும் தரையும் சேர்கிற இடத்தில் ஓரடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, 30.5 சதவீத இமிடாகுளோபிரிட் மருந்தை லிட்டருக்கு 2.1 மி.லி. கலந்து ஊற்றி அடைக்க வேண்டும். கிணறு ஒட்டி இருந்தால் நீங்களாகச் செய்யாதீர்கள், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

சுசீந்திரம் பக்கத்தில் இருந்து: 2021 நவம்பர் மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்தது. இப்போது வெயில் காலத்திலும் தரை வியர்க்கிறது.

ரேக்கின் அடித்தட்டு தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று என்னிடம் கேட்காதீர்கள், சுவரில் அந்த மழையின் கறை இருக்கும், அதற்கு மேல் ஒரு சாண் விட்டு ஆரம்பியுங்கள். தரை வியர்ப்பதற்கு ஒரு சோதனை. ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் ஈரம் என்றால் மண்ணில் இருந்து ஏறுகிறது, தரையைத்தான் சரிபண்ண வேண்டும். மேலே ஈரம் என்றால் காற்றில் இருந்து படிகிறது, எதிரெதிர்ச் சுவரில் கீழே காற்று போக ஓட்டை விட்ட ஜாலி ஒன்று, மேலே ஒன்று வைத்தாலே பாதி சரியாகும்.

தக்கலையில் இருந்து: பத்துக்குப் பதினெட்டு அடி ஷெட். காரும் நிற்க வேண்டும், எனக்குத் தையல் மெஷின் போட இடமும் வேண்டும். வீட்டுக்காரர் பழைய சாமான் எதையும் எறிய விடமாட்டார்.

சின்னக் கார் என்றால் 4 மீட்டருக்குள், அதாவது 13 அடி சொச்சம் அக்கா. வலது பக்கம் கதவு திறக்க இரண்டரை மூன்று அடி விட்டு, இடது சுவரை ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். பின்சுவரில் நாலடிக்கு மேல் மிஞ்சும். அங்கே சுவரில் மடக்குகிற பலகை ஒன்று, மெஷின் அதன் மேல். பார்க்கிங் தவறாமல் இருக்கத் தரையில் ஒரு கட்டை அடியுங்கள். வீட்டுக்காரர் சாமானுக்கு, போனட்டுக்கு மேலே ஓரடி அகலத்தில் ஒரே ஒரு பரண். நிறைந்தால் ஒன்றை எறிந்துவிட்டுத்தான் இன்னொன்று ஏற்ற வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள், என்னை இழுக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழியில் இருந்து: காற்று சீசனில் தகரக் கூரை தடதடவென்று ஆடுகிறது. மேலே மணல் மூட்டை வைக்கலாமா?

வேண்டாம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு கூரை மாற்ற வந்தவர்கள் எல்லாருக்கும் இதையேதான் சொன்னேன், காற்று கூரையை அமுக்குவதில்லை, தூக்குகிறது. விளிம்பிலும் மூலையிலும்தான் அதிகம் தூக்கும், அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடுங்கள். மேற்கே வாசல் இருந்தால் சீசனில் மூடியே வையுங்கள், உள்ளே புகுந்த காற்று அடியில் இருந்தும் தள்ளும்.

பார்வதிபுரத்தில் இருந்து: அடுக்களையில் இருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து கம்ப்ரஸர் ஓட்டுகிறேன். வயர் சுடுகிறது.

இன்றைக்கே நிறுத்துங்கள். மெயின் போர்டில் இருந்து தனி லைன், 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சரியான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வேலை பார்க்கிற நமக்கு அந்தக் கடைசிச் சாமான்தான் உயிர் காப்பது.

அதே ஊரில் இருந்து இன்னொருவர்: இன்வெர்ட்டர் பேட்டரியை ஷெட்டுக்கு மாற்றலாமா? சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்கிறார்களே?

இப்போது வருகிற பிளாஸ்டிக் பெட்டி பேட்டரிக்கு அது பொருந்தாது. ஆனால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், கொஞ்சம் ஆசிட் ஆவியும் வரும். மேல் ஜாலிக்கு நேர் கீழே, டூல் பெட்டிக்கு எதிர் மூலையில், கிரைண்டர் பொறி படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.